ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த கீறல்

கரமனையில் எங்கள் எதிர்வீட்டு ஹரி, ஒன்றரை லட்சத்துக்கு வெளிநாட்டு ரோடு பைக் வாங்கினான். என்னுடையது பெயர் தெரியாத கம்பெனியின் பதினைந்தாயிரம் ரூபாய் சைக்கிள். ஞாயிறுதோறும் இருவரும் கோவளம் போவோம். வழியில் எல்லோரும் அவன் வண்டியைத்தான் பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

அவன் வண்டியின் பெயரையே ஸ்டிக்கராக வெட்டி வாங்கி என் சைக்கிளில் ஒட்டினேன். ஒட்டும்போது ஹேண்டிலுக்குக் கீழே குழாயில் மெல்லிய கீறல் ஒன்று தெரிந்தது. பெயின்ட் போயிருக்கிறது என்று நினைத்து, அதை மறைத்தே ஒட்டினேன்.

அடுத்த ஞாயிறு, கோவளம் இறக்கத்துக்குச் சற்று முன்னால் ஹரி குரல் கொடுத்தான்.

"அண்ணா, நிறுத்துங்கோ. உங்க வண்டியில என்னமோ சத்தம் கேக்கறதாக்கும்."

நிறுத்தினேன். ஸ்டிக்கர் நடுவில் கிழிந்திருந்தது. ஹரி அதை உரித்தான். கீறல் விரிசலாகிக் குழாயைப் பாதி சுற்றியிருந்தது.

"எறக்கத்துல விட்டிருந்தேள்னா முன்சக்கரம் தனியா போயிருக்கும்" என்றான். பிறகு ஸ்டிக்கரில் இருந்த பெயரைப் படித்தான். அதை என் கையில் கொடுத்தான்.

இப்போது வேறு சைக்கிள் வாங்கிவிட்டேன். அதுவும் பெயர் தெரியாததுதான். எதையும் ஒட்டுவதில்லை. கிளம்பும் முன் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பார்க்கிறேன். அப்படியே ஹரியின் வண்டியையும் துடைத்துக் கொடுக்கிறேன். அதில் இன்னும் ஒரு கீறல்கூட அகப்படவில்லை.