சட்டாம்பிள்ளை வரையாத பக்கம்

“பச்சைன்னா எந்தப் பச்சை? சொல்லாம விட்டா அவங்கவங்க கண்ணுக்குத் தோணுற பச்சை!” என்று முணுமுணுத்தபடி, பட்டனுக்கான நிற எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கிறாள் வலைத்தள டிசைனர். அடுத்து எழுத்தின் அளவு. அப்புறம், பட்டனைத் தொட்டால் எந்த நிறம், தப்பான போன் நம்பர் கொடுத்தால் என்ன வாசகம். ஒரு வலைத்தளத்தை வரைந்து முடித்தால் இப்படி ஒரு ஸ்டைல் கைடு எழுதாமல் அதைப் புரோகிராமர் கையில் கொடுக்கமாட்டாள். அலுவலகத்தில் அவளுக்குச் ‘சட்டாம்பிள்ளை’ என்று பெயர். தெரியும், கோபம் இல்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

பட்டபாடு அப்படி. முன்பு ஒருமுறை வெறும் படங்களை மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தாள். திரும்பி வந்த தளத்தில் பதினோரு பச்சை! பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோதும் புரோகிராமரின் போன் விடவில்லை. “அக்கா, இந்த ரெண்டு படத்துக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடணும்?” அன்று எழுத ஆரம்பித்ததுதான் இந்தக் கைடு.

மானேஜருக்கு அது கட்டோடு பிடிக்காது. “ஏம்மா, இதை எழுதுற நேரத்துல இன்னொரு தளத்தையே வரைஞ்சிடலாமே. யாரு படிக்கப் போறாங்க?” விலங்கு மருத்துவமனையின் தளம் வந்தபோது கறாராகவே சொல்லிவிட்டார். “நாப்பது பக்கம் எழுதிக் கொடுத்தும் போன் வந்துச்சுன்னா, இந்தக் கைடு வேலையை மூட்டை கட்டிடு.”

மூன்று வாரம் ஓடியது. ஒரு போன் வரவில்லை. புரோகிராமருக்குச் சந்தேகமே வரவில்லையா, இல்லை கைடைத் திறந்தே பார்க்கவில்லையா? பாவி, ஒரு வார்த்தை கேட்டால்தான் என்ன!

தளத்தைக் காட்டும் நாள் வந்தது. மானேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். புரோகிராமர் பக்கம் பக்கமாகத் திறந்தான். எங்கும் ஒரே பச்சை. ஒரு பட்டன் பிசகவில்லை. கடைசியாக ‘காணாமல் போன பூனைகள்’ என்று ஒரு பக்கம் விரிந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இதை நான் எப்போ வரைஞ்சேன்?”

“நீங்க வரையலக்கா. ஆஸ்பத்திரி டாக்டரம்மா நேத்து காலையில திடீர்னு கேட்டாங்க. கைடைப் பார்த்து நானே பண்ணிட்டேன். படம் எங்க, பேரு எங்க, எவ்வளவு இடம் விடணும், எல்லாம்தான் அதுல இருக்கே!”

மானேஜர் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து தேடினார். ஒரு குற்றமும் அகப்படவில்லை. “அடுத்த தளத்துக்கும் எழுதிடும்மா” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஜெயித்துவிட்டாள்! எழுந்து ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. அலுவலகமாயிற்றே, அடக்கிக்கொண்டாள். தன் இடத்துக்குப் போய்க் கைடைத் திறந்தாள். நாற்பதாம் பக்கத்தின் அடியில், ‘சந்தேகம் இருந்தால் எந்த நேரமும் கூப்பிடவும்’ என்று தன் போன் நம்பரைப் போட்டிருந்தாள். அந்த ஒரு வரியை மட்டும் அழித்தாள்.