பிஸ்டன் இல்லாத மாப்பிள்ளை கார்

இன்று காலை அவனியாபுரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ முகத்தில் புகையைக் கக்கிவிட்டுப் போனது. எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்துவிட்டேன். எரிந்த ஆயில் வாசனை என்றால் எனக்கு அப்படி. வீட்டுக்காரி பார்த்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பாள்.

பல வருஷத்துக்கு முன் இதே வாசனையோடுதான் எங்கள் முதலாளி சிக்கந்தர் பாயின் ஜப்பான் கார் நாங்கள் வேலை பார்த்த பட்டறைக்குள் நுழைந்தது. இரண்டே கதவு, தரையோடு படுத்த சிவப்பு உடம்பு. பானட்டைத் திறந்து நானும் என் கூட்டாளி மாரியும் பிஸ்டனைத் தேடு தேடென்று தேடினோம். கிடையவே கிடையாது. அதற்குப் பதிலாகக் கிரைண்டருக்குள் குழவி சுற்றுவதுபோல ஒரு முக்கோணம் சுற்றும், அவ்வளவுதான் என்றார் பாய். யாரோ ஜெர்மன்காரர் கண்டுபிடித்தாராம். பெரிய கம்பெனிகள் ஆசைப்பட்டு வாங்கி, அது ஆயிலும் பெட்ரோலும் குடிக்கிற குடியைப் பார்த்துக் கைகழுவிவிட்டன. ஜப்பானில் ஒரு கம்பெனி மட்டும் விடாப்பிடியாக அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தது. ஓட்டிப் பார்த்தபின் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னா போக்கு!

மாரிக்கு அப்போது பேரையூரில் பெண் பார்த்திருந்தார்கள். செல்வியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து பயலுக்குச் சோறு இறங்கவில்லை. தரகரோ, "மாப்ள கார் கம்பெனி வச்சிருக்காரு" என்று அளந்துவிட்டிருந்தார். காருக்கு எங்கே போவது? பாய்தான் இரங்கினார்.

"எடுத்துட்டுப் போ மாரி. ஆனா ஸ்டார்ட் பண்ணா சூடேறாம அணைச்சிராத. பெட்ரோல் ரொம்பி அடைச்சுக்கிரும். அப்புறம் அல்லாதான் காப்பாத்தணும்."

காரில் தாராளமாக இரண்டு பேருக்குத்தான் இடம். எனவே மாரியின் அப்பா அம்மா பஸ்ஸில் போனார்கள், நான் காரில் போனேன். டி. கல்லுப்பட்டி தாண்டியதும் மாரி மிதித்த மிதியில் எனக்குக் குலதெய்வம் கண்ணில் தெரிந்தது.

கேசரி, பஜ்ஜி, பேச்சு எல்லாம் முடிவதற்குள் வண்டி நன்றாக ஆறிவிட்டது. பெண்ணின் அப்பா எலுமிச்சம்பழத்தோடு வந்தார். "ஊருக்கண்ணு பூரா இதுமேலதான். ஒரு நசுக்கு நசுக்கிருங்க மாப்ள." மாமனார் பேச்சைத் தட்ட முடியுமா? ஸ்டார்ட் பண்ணி, பழத்தை நசுக்கி, அணைத்தான். சித்தப்பா ஒருவர் பழம் நசுங்கிய சத்தம் கேட்கவில்லை என்றார். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஆஃப். நான் காட்டிய சாடையெல்லாம் வீண். கிளம்பும்போது கொர்ர் என்றது, அவ்வளவுதான்.

"கார் கம்பெனி முதலாளிக்குக் காரை எடுக்கத் தெரியலையே!" என்று சித்தப்பா சிரித்தார். மாமனார் முகம் கறுத்தது.

"மானம் போச்சுடா மாப்ள" என்று என்னிடம் முனகிய மாரி, சட்டென்று வேட்டியை மடித்துக் கட்டினான். "மாமா, நான் முதலாளி இல்ல. அவனியாபுரத்துப் பட்டறையில மெக்கானிக்கு. வண்டியும் எங்க முதலாளி பாயோடது."

பானட்டைத் திறந்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினான். பெட்ரோலில் சொதசொதவென்று நனைந்திருந்தன. வாசலில் நின்ற செல்வி இறங்கி வந்து கையை நீட்டினாள்.

"இம்புட்டுத்தானா? குடுங்க, அடுப்புல காட்டிட்டு வாரேன்."

பஜ்ஜி சுட்ட அடுப்பில் பிளக்குகள் காய்ந்தன. அதற்குள் நான் சாவியைத் திருக, உள்ளே தேங்கிய பெட்ரோல் பிளக் ஓட்டை வழியாகப் பீச்சியடித்தது. சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை அங்கே நின்றதற்கு நான் பொறுப்பல்ல. பிளக்குகளை மாட்டியதும் வேட்டுப் போட்டதுபோல் ஒரு சத்தம், தெருவடைத்த புகை, வண்டி எடுத்துக்கொண்டது.

மாமனார் மகளைப் பார்த்தார். "என்னத்தா சொல்ற?"

"வண்டி நமக்கு வேணாம்ப்பா. ஓட்டிட்டு வந்தவரு இருக்கட்டும்."

அந்தக் காரைப் பாய் எப்போதோ விற்றுவிட்டார். வண்டிப் புகைக்கான சட்டங்கள் இறுகியதும் ஜப்பான்காரர்களும் அந்த மாதிரிக் கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இப்போது வருகிற கார்களில் பானட்டைத் திறக்கவே வேலையில்லை. பெண் பார்க்கப் போகிற எந்தக் காரும் பெண் வீட்டு வாசலில் மக்கர் பண்ணுவதில்லை. பாவம், இந்தக் காலத்துப் பெண்கள்! வந்திருப்பவன் எப்பேர்ப்பட்டவன் என்று எதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்களோ?