செவலை அவர்களுக்கு ஒரு கடிதம்

எங்கள் கம்ப்யூட்டர் ரூமுக்குள் எப்போதும் பால் காய்ச்சுகிற வாசம்தான்...

தேனியில் ஒரு பால் கம்பெனி அது. 2003 வாக்கில் நானும் செல்வியும் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர்.

மாடு வைத்திருப்பவர்களின் விவரம், ஊருக்கு ஒரு எக்செல் ஷீட்டாக இருந்தது. அதையெல்லாம் ஆக்சஸ் என்கிற புரோகிராமில் ஒரே டேபிளாக ஏற்றி, கோமாரித் தடுப்பூசி முகாமுக்குக் கடிதம் அடிக்கச் சொன்னார் மேனேஜர்.

கம்பம், சின்னமனூர், போடி... நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். கடைசியாக வருசநாடு. ஒரு எரர்கூட வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டோம்!

கடிதமெல்லாம் தபாலில் போன பிறகுதான், மிச்சமிருந்த ஒரு காப்பியைப் பார்த்துவிட்டுச் செல்வி கத்தினாள்.

"ஏடி, இங்கன வா... இதப் படி!"

'அன்புள்ள செவலை அவர்களுக்கு, தங்கள் பசு முருகேசனுக்குத் தடுப்பூசி போட வேண்டியுள்ளதால் தவறாமல் அழைத்து வரவும்.'

மற்ற ஷீட்டில் எல்லாம் முதலில் ஆள் பேர், அடுத்து மாட்டுப் பேர். வருசநாட்டு ஷீட்டில் மட்டும் மாடு முந்திக்கொண்டிருக்கிறது. பத்திகளுக்குத் தலைப்பு எதுவும் இல்லாததால், ஆக்சஸும் வந்த வரிசையில் அப்படியே வாங்கிக்கொண்டது.

மேனேஜர் தலையில் கை வைத்துவிட்டார். "கேலி பண்றோம்னு நெனச்சு, பாலை அடுத்த கம்பெனி வேன்ல ஊத்திருவாகம்மா!"

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

முகாம் அன்று வருசநாட்டில் ஜீப்பிலிருந்து இறங்கினால்... ஊரே மாடுகளோடு திரண்டு நிற்கிறது!

முன்னால் மீசைக்காரர் ஒருவர். ஒரு கையில் கடிதம், இன்னொரு கையில் செவலைப் பசுவின் கயிறு.

"பசு முருகேசன் நாந்தேன். இந்தா, எங்க செவலைதேன் என்னையக் கூட்டியாந்துருக்காக!" என்று மாட்டைக் காட்டினார். அப்புறம் சட்டைக் கையைச் சுருட்டி மாட்டு டாக்டரிடம் நீட்டினார். "மொத ஊசி எனக்குப் போடுங்க சார்."

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ஏலே முருகேசா, ஒரு வேளைக்கு எத்தன லிட்டரு கறப்பன்னு சொல்லுலே, எழுதிக்கிரட்டும்!"

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மேனேஜர் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செல்வி, அழுதவள், விக்கி விக்கிச் சிரித்தாள்.

ஓர் அம்மா மட்டும் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகியபடி சொன்னார். "எங்க மாடு லட்சுமி பேருக்கு வந்த கடுதாசி ஆத்தா... பத்திரமா வச்சுக்கிருவேன்."

ஒரு வீட்டுப் பாலும் வேறு வேனுக்குப் போகவில்லை. அடுத்த வருசம் கம்பத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், "எங்க மாட்டுக்கு ஏன் லெட்டரு போடல?" என்று!

இப்போது சென்னையில் இதே வேலைதான் பார்க்கிறேன். வரிசை மாறி வந்தால் சிஸ்டமே வாங்காமல் திருப்பிவிடும். நல்லதுதான்.

கம்பெனிகளிடமிருந்து எனக்கு வருகிற மெசேஜிலும் என் பேர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது... யாரையாவது கூப்பிட்டு, "இதப் படி" என்று காட்டத்தான் தோன்றுவதில்லை.