அளவு ஜாக்கெட்டின் நம்பர்

இடது தோள் வலிக்க ஆரம்பித்ததும் ஹார்ட்டுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் வந்தது. ஹார்பரில் வேலை முடித்து வந்தவர், தோள் இழுக்கிறது என்று சொல்லிப் படுத்தார், விடியும்போது இல்லை. அந்தப் பயம் இருந்தது. ஆனால் டாக்டரிடம் போனால் ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்வாரே, அந்தப் பயம் இன்னும் பெரிதாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது, சேலைக்குத் தோளில் பின் குத்திவிடச் சொல்லி மருமகளிடம் நின்றேன். ஜாக்கெட் ஓரம் விலகியதில், உள்ளே போடும் பாடியின் தோள்பட்டி அழுந்திப் புண்ணாகியிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா அத்தே இது, மூட்ட தூக்குனா மாரி பள்ளமா கீது" என்றாள்.

என்ன சைஸ் போடுகிறேன் என்று கேட்டாள். நாற்பது என்றேன். யார் அளந்து சொன்னது என்றாள்.

என் உடம்பை யாரும் அளந்ததே கிடையாது. ராயபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் டெய்லரிடம் அளவு ஜாக்கெட்டைத்தான் கொடுப்போம். அவர் கழுத்தில் தொங்கும் டேப்பைத் தொடுவதற்கு முன்பே பழைய ஜாக்கெட்டை மேசையில் வைத்துவிடுவேன். பாடிக்கும் அதையே வைத்துக்கொண்டேன். அளவு ஜாக்கெட்டைப் பாயில் விரித்து அளந்தேன். மார்புச் சுற்று நாற்பது வந்தது. எம்.சி. ரோட்டுக் கடையில் நாற்பது கேட்டு வாங்கினேன். விற்கிறவர் ஆம்பளை. சைஸ் என்ன என்று அவர் உரக்கக் கேட்பதற்குள், சுவரைப் பார்த்தபடி நானே சொல்லிவிடுவேன். நம்பருக்குப் பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் எழுத்து இருக்கும். கம்பெனிக்காரன் போட்ட அடையாளம் என்று விட்டுவிட்டேன். போட்டால் முதுகுப் பக்கம் மேலே ஏறும். ஏறும்போதெல்லாம் தோள் பட்டியை இன்னும் இறுக்குவேன்.

பூசை முடிந்து வந்ததும், மகன் வெளியே போன நேரம் பார்த்து மருமகள் இஞ்ச் டேப்போடு வந்தாள். நானே அளந்துகொள்கிறேன் என்று வாங்கி, அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அவள் கோபிக்கவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, மார்புக்குக் கீழே சுற்றிப் பிடிக்கச் சொன்னாள். இறுக்கமாக இருக்க வேண்டும், மூச்சும் விட முடிய வேண்டும் என்றாள். சுற்றினேன். முப்பத்தேழு.

"ஜாக்கெட்டு மேலயே அளந்துகினியா?"

கழற்ற வேண்டுமா என்று கேட்டேன்.

"உள்ள யாரு கீறாங்க அத்தே, நீயும் செவுரும்தான?"

ஆண்டவர் படம் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்று கழற்றினேன். இப்போது முப்பத்து மூன்று வந்தது. மறுபடி பிடித்தால் முப்பத்தாறு. முதுகில் டேப் நேராக இருக்க வேண்டும், ஏறி இறங்கக் கூடாது என்றாள். இடது கையைப் பின்னால் கொண்டுபோனாலே உயிர் போனது.

"எனக்கு முதுவுல கண்ணு இல்லம்மா" என்றேன்.

"நான் வேணா கண்ண மூடிகினு வரேன்."

"கண்ண மூடிகினா நம்பர எப்டி பாப்ப?"

அவள் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தேன்.

ஜன்னலுக்கு அளவெடுக்கிறவள் மாதிரி, முகத்தைப் பார்க்காமல் அளந்தாள். மார்புக்குக் கீழே முப்பத்து நான்கு. கொஞ்சம் குனியச் சொல்லி, எடுப்பான இடத்தில் டேப்பை இறுக்காமல் பிடித்தாள், முப்பத்தெட்டு. வித்தியாசம் நான்கு இஞ்ச். ஒன்றுக்கு ஏ, இரண்டுக்கு பி என்று விரல் விட்டு எண்ணி, நான்குக்கு டி என்றாள். நம்பருக்குப் பக்கத்தில் இருந்த எழுத்துக்கு இதுதான் அர்த்தமாம், நம்பர் என்பது மார்புக்குக் கீழே உள்ள சுற்றாம். நாற்பது போட்டவள் முப்பத்து நான்கில் எப்படி நுழைவேன் என்று வாதாடினேன். பாரத்தைக் கீழ்ப்பட்டிதான் தாங்க வேண்டும், அது தொளதொள என்று இருந்ததால் எல்லாம் தோளில் தொங்கியது என்றாள்.

அவள் டேப்பைச் சுருட்டும்போதுதான் எனக்குச் சொல்ல வாய் வந்தது.

"உள்ளயும் வலிக்குதும்மா. உங்க மாமாவுக்கு வந்தா மாரி."

சுருட்டிய கை நின்றது. "எத்தினி நாளா?" என்றாள். முக்கால்வாசி தீர்ந்த தைலப் புட்டியை எடுத்துக் காட்டினேன்.

செல்போனில் பார்த்து வரவழைத்த புதுப் பாடியை, கடைசிக் கொக்கியில் மாட்டிப் பார்த்தேன். முதுகுப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைந்தது. வலது கையை முழுக்கவும் இடது கையை முடிந்த மட்டிலும் தூக்கினேன். கீழ் ஓரம் ஏறவில்லை. புண் ஆறிவிடும் என்று தெரிந்தது.

ஆனால் மருமகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. அளந்த மறுநாளே வேலைக்கு லீவு போட்டு, திருவொற்றியூரில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தாள். இசிஜி எடுக்க வேண்டும், ஜாக்கெட்டைத் தளர்த்துங்கள் என்று சொல்லிவிட்டு நர்ஸ் அவளை வெளியே இருக்கச் சொன்னார். அவள் எழுந்தாள். அவள் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். கொக்கிகளை அவளே கழற்றினாள். நெஞ்சில் ஒன்றும் இல்லை, தோள் மூட்டு இறுகிப்போயிருக்கிறது என்றார் டாக்டர்.