குள்ளநரி திரும்பிப் பார்க்க வேண்டும்

சிவகாசியில் புது வருஷம் ஆடி மாதமே வந்துவிடும். ஆடிப்பெருக்கு அன்று அச்சகங்களில் பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அந்தக் கனத்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். கடைக்காரர்கள் புரட்டிப் பார்த்து, இந்த முருகன் போதும், அந்த லட்சுமி போதும் என்று ஆர்டர் சொல்வார்கள். ஆல்பத்தில் ஏறாத படம் அந்த வருஷம் எந்தச் சுவரிலும் ஏறாது.

அப்படி ஓர் அச்சகத்தில் நான் டிசைன் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து மேலே படித்தவன் நான் ஒருவன்தான். அப்பா பட்டாசு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். அம்மா அதே வேனில் ஏறி அதே கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். வார நாட்களில் முருகன் படத்தில் மயில்தோகையைப் பளபளப்பாக்குவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிஜ மயிலைப் பார்க்க வெம்பக்கோட்டைப் பக்கம் போய்விடுவேன். கல்யாண வீடுகளில் படமெடுக்கும் ஒருவர் கைமாற்றிவிட்ட பழைய கேமரா ஒன்று என்னிடம் இருக்கிறது.

நான் எடுக்கும் படங்களில் ஒரு கோணல் உண்டு. முயலோ உடும்போ எதுவாக இருந்தாலும் படத்தின் மேல்பாதியில்தான் இருக்கும். கீழ்ப்பாதி வெறும் தரை. தேதிக் கட்டு ஒட்டவும் கடைப் பெயர் அடிக்கவும் இடம் விட்டே கண் பழகிப்போனது. வெளியூரில் படமெடுக்கும் நண்பர் ஒருவர், "என்னப்பா, எல்லா மிருகமும் மாடியில குடியிருக்கு?" என்று கேட்டார்.

குள்ளநரியை நான் தேடிப் போகவில்லை. வெம்பக்கோட்டை அணைக்குத் தண்ணீர் வரும் ஓடை ஒன்று கோடையில் காய்ந்து கிடக்கும். அதன் கரையில் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து ஆள்காட்டிக் குருவிக்காகக் காத்திருந்தேன். எதிர்க்கரையில் இருந்த ஒரு பொந்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு காது எட்டிப் பார்த்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு காது. பிறகு மூன்று குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு வெளியே வந்தன. தாய் கடைசியாக வந்து உடம்பை நீட்டி முறித்துக்கொண்டது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, அடர்ந்த வால், வாலின் நுனி மட்டும் மையில் தோய்த்தது போலக் கருப்பு. எனக்குக் கேமராவைத் தூக்கவே தோன்றவில்லை.

அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் அங்கேதான். பக்கத்தில் போக மாட்டேன். பொந்து தெரிந்துவிட்டது என்று பட்டால் தாய் குட்டிகளை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடும். இந்தக் கரையிலேயே, காற்று அது இருக்கும் பக்கமிருந்து என் பக்கம் வீசும்படி உட்கார்ந்துகொள்வேன். தாய் வண்டு பிடித்துத் தின்னும், எலியோடு வரும், வேப்பம் பழம்கூடப் பொறுக்கும். குட்டிகளுக்குத் தாயின் வால்தான் விளையாட்டுச் சாமான். வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டு, சைக்கிளில் திரும்பும்போது பசி வயிற்றைக் கிள்ளும். ஆனாலும் மனசு நிறைந்திருக்கும்.

ஆனி பிறந்ததும் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஆல்பத்துல ஒரே ஒரு பக்கம். நம்ம ஊரு மிருகம் ஒண்ணு போடலாமா?"

"என்ன மிருகம்லே?"

"குள்ளநரி."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நரியா! நரி முகத்துல முழிச்சா யோகம்பாக. கடைக்காரன் காலையில தேதி கிழிக்கும்போது நரி முகத்துலதான முழிப்பான்? கழுதைப் படத்தையே மாட்டி வச்சிருக்கானுக, நரின்னா விடுவானுகளா? கொண்டா, பாப்போம்."

என்னிடம் இருந்ததிலேயே நல்ல படத்தைக் காட்டினேன். விடிகாலை வெயிலில் தாய் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும். மூன்று குட்டிகளும் அதன் வாலில் தொங்கும். பொன் நிறத்தில் தூசி. என் மனசுக்கு அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"முகம் எங்கலே?"

"இது திரும்பிப் படுத்திருக்கு அண்ணாச்சி. குட்டிகள பாருங்க..."

"நான் வாலுல முழிச்சா வெளங்குமா? ஆனி முடியுறதுக்குள்ள முகத்தோட கொண்டா. இல்லைன்னா நெட்டுல நூறு நரி கெடக்கு, ஒண்ண வாங்கிப் போட்டுருவோம்."

நெட்டில் கிடக்கும் நரியை எனக்குக் காட்டவும் செய்தார். செக்கச் செவேல் என்று, பனியில் நின்றுகொண்டிருந்தது. அழகுதான். ஆனால் நம் சாத்தூர்க் கடைக்காரர் வருஷம் முழுக்கப் பனிநாட்டு நரி முகத்தில் முழிப்பதை நினைத்தால் எனக்கு என்னவோ போல் இருந்தது. ஓடைக்கரையில் ஒன்று இருக்கிறதே, அது யாருக்கும் தெரியாமலே போய்விடுமே என்று இருந்தது.

அடுத்த மூன்று ஞாயிறும் தாய் கேமராவுக்கு முகம் காட்டவில்லை. அம்மா மூலமாகச் செய்தி வேனுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை நான் அச்சகத்துக்கு அப்பாவின் வேனில் தொற்றிக்கொண்டபோது, வேலைக்குப் போகும் பெண்களின் விசாரணை ஆரம்பமானது.

"யய்யா, நரிய படம் புடிக்கியாமே? எங்கள ஒருநா கூட்டிட்டுப் போ. நாங்களும் அது முகத்துல முழிக்கோம்."

"அது குள்ளநரில்லா? யோகமும் குட்டையாத்தான் வரும்."

"வந்தாப் போதும்த்தா. நமக்கு அம்புட்டுப் போதும்."

"முகத்தத்தான் காட்ட மாட்டேங்குதாம்" என்று அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இவன் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிக்கிட்டு இருக்கும்."

வேன் குலுங்கச் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஒரு சத்தம் குடுத்தா திரும்பிட்டுப் போவுது. இதுக்கா இம்புட்டு நாளு?" என்றார்.

"சத்தம் குடுத்தா ஓடிரும்ப்பா."

"ஓடுமுன்னால திரும்புமா, திரும்பாதா?"

அந்த ஞாயிறு அவரும் கூட வந்தார். ஆனி முடிய அது ஒன்றுதான் மீதி ஞாயிறு. விடியும்போதே கருவேல மரத்தடியில் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். தாய் எதிர்க்கரையில் வழக்கம்போல எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா ஒன்றுக்குப் போவதாகச் சைகை காட்டிவிட்டு எழுந்து பின்னால் போனார்.

டமார்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா சட்டைப் பையில் ஒரு குருவி வெடியைக் கொண்டுவந்திருக்கிறார். புல்லுகூட இல்லாத காய்ந்த வண்டலாகப் பார்த்து, எனக்கு உதவியென்று கொளுத்திப் போட்டுவிட்டார். குட்டிகள் போச்சு, தாய் போச்சு, இனி இந்தப் பக்கமே வராது என்று நினைத்தபடி எதிர்க்கரையைப் பார்த்தேன்.

தாய் நரி காதைக்கூட அசைக்கவில்லை. ஒரு குட்டி கொட்டாவி விட்டது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சுற்றிலும் பட்டாசு கம்பெனி. செய்த வெடியைத் தினமும் வெடித்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். அந்தக் குட்டிகள் கண் திறப்பதற்கு முன்பிருந்தே கேட்டு வளர்ந்த சத்தம் அது. இந்த ஊரில் வெடி போட்டு ஒரு பிராணியைத் திரும்ப வைக்கலாம் என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குத் தோன்றியதுதான் ஆச்சரியம்.

அப்பா திரும்பி வந்து என் பக்கத்தில் குத்தவைத்தார். எதிர்க்கரையை உற்றுப் பார்த்தார். நம்ப முடியாமல், அடங்கிய குரலில், தனக்குத்தானே சொல்வதுபோல் கேட்டார்:

"என்னலே இது, செவிட்டு நரியால்லா இருக்கு?"

சட்டென்று தாய் திரும்பியது. எழுந்து உட்கார்ந்து, இரண்டு காதையும் விடைத்துக்கொண்டு, நேராக எங்களைப் பார்த்தது. மஞ்சள் கண். மூக்கில் மண். ஒரு குட்டியும் அதன் முன்னங்காலுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. என் விரல் தானாகவே அமுக்கிக்கொண்டிருந்தது. அப்பா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

நரி குட்டிகளை மூக்கால் தள்ளிப் பொந்துக்குள் விட்டது. தானும் இறங்கிக்கொண்டது. நாங்கள் குனிந்தபடியே வந்த வழியில் நடந்துவிட்டோம்.  சாலைக்கு ஏறியதும் அப்பா, "மனுசன் பேச்சுன்னாத்தான் பயம் போல" என்றார். கொஞ்ச தூரம் போய், "நானா இருந்தாலும் அப்பிடித்தான்" என்றும் சொன்னார்.

அண்ணாச்சி படத்தைத் திரையில் வெகுநேரம் பார்த்தார்.

"முறைக்குதே?"

"யோசிக்குது அண்ணாச்சி."

"கீழ எடம் இருக்கா?"

தேதிக் கட்டுக்கு வேண்டிய இடம் கச்சிதமாக இருந்தது. "சரி, ஏத்து" என்றார்.

எனக்குக் குட்டிகளைப் பற்றித்தான் கவலை. இரண்டு ஞாயிறு அந்தப் பக்கமே போகவில்லை. அதற்கடுத்த வாரம் ரொம்பத் தூரத்திலிருந்து, மேட்டில் நின்று பார்த்தேன். அதே பொந்தின் வாசலில் ஒரு குட்டி தன் வாலையே துரத்திக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் செத்த ஓணான் ஒன்றுக்காக இழுபறி. அப்படியே சைக்கிளைத் திருப்பிவிட்டேன். போகிற வழியில் விசிலடித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆடிப்பெருக்கு அன்று அச்சகத்தில் சந்தன வாசனையும் மை வாசனையும் கலந்து நின்றன. ஆல்பத்துக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஏஜெண்டு ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு ஆல்பத்தைப் புரட்டினார். பிள்ளையார், முருகன், மாதா, மெக்கா, ரோஜாப்பூ, குழந்தை. பிறகு நரி. அவர் கை நின்றது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். நான் தண்ணீர் குடிப்பதுபோல் பக்கத்திலேயே நின்றேன்.

"நல்லா இருக்கே அண்ணாச்சி. எந்த நாட்டு நரி?"

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏஜெண்டிடம் திரும்பி, "எந்த நாடா? வெம்பக்கோட்டைவே" என்றார்.

"வெம்பக்கோட்டையிலயா! அங்கன நரியா இருக்கு?"

"குடும்பத்தோட இருக்குங்கேன். கீழ குட்டியப் பாரும்."

ஏஜெண்டு குட்டியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் படத்தின் எண்ணைக் கேட்டார்.