ஒரே வரியில் எழுதிய இரண்டு காண்டாக்டர்கள்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். இரண்டு தடவை எழுதவும் செய்தேன். முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால் என் தப்பு கொஞ்சம் சின்னதாகவும் மற்றவர்கள் தப்பு கொஞ்சம் பெரிதாகவும் ஆகியிருந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். நான் பத்தாவது வரை படித்தவன். நயமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத ஆண்டவர் துணை செய்யட்டும்.

எழுபதுகளின் கடைசியிலிருந்து தர்மபுரியில், சேலம் ரோட்டில் இருந்த ஒரு பட்டறையில் நான் ஸ்டோர் பார்த்தேன். மோட்டார்களை ஓட்டவும் நிறுத்தவும் வேண்டிய மின்சாரப் பெட்டிகளை அங்கே செய்தார்கள். பேனல் என்போம். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை, மாம்பழக்கூழ் ஆலை, கிரானைட் அறுக்கும் இடம் என்று எங்கள் பேனல் போகாத இடமில்லை. பேனலுக்குள் சாமான் மாட்டுகிற பிட்டர்கள் பதினான்கு பேர். ஸ்டோருக்கு ஒரு ஜன்னல் உண்டு. அவர்கள் அங்கே வந்து நின்று கேட்பார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தகரப் பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை. ஒரு பெட்டிக்கு ஒரு அட்டை என்பதைப் பதினோரு வருடம் மாற்றாமல் வைத்திருந்தேன்.

காண்டாக்டர் என்று ஒரு சாமான் இருக்கிறது. மோட்டாருக்குக் கரண்டை விடுவதும் நிறுத்துவதும் அதுதான். அதன் வயிற்றில் காயில் என்று ஒரு கம்பிச்சுருள் இருக்கும். 220 வோல்ட் காயில், 415 வோல்ட் காயில் என்று இரண்டு தினுசு. மாற்றிப் போட்டால் ஒன்று இழுக்காது, இல்லையென்றால் எரிந்துவிடும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். வோல்ட் எண் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும், மூடியைக் கழற்றினால்தான் தெரியும். அதனால் சரக்கு வந்த அன்றே 415-க்கு மட்டும் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். இரண்டு தினுசும் ஒரே பெட்டியில்தான் கிடக்கும்.

"அண்ணா, பொட்டு வச்சது மூணு, வெக்காதது ஒண்ணு" என்று ஜன்னலில் குரல் வரும்.

அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவர் இண்டூர்ப் பக்கத்துப் பிட்டர் ஒருவர். விவசாயக் குடும்பம். பட்டறையில் அவர் கைவேலைதான் முதல். "ஸ்டோர் அண்ணன் அண்ணிக்கு நகப்பாலிஷ் வாங்குனதே இல்லீங்க. எல்லாம் இதுங்களுக்குத்தான்" என்று சிரிக்காமல் சொல்வார். மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவர் களி கொண்டு வருவார், நான் சோறு கொண்டு போவேன். பாதிப் பாதி மாற்றிக்கொள்வோம்.

எண்பதுகளின் கடைசியில் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பேனலின் ஒயர் இணைப்புப் படம் வரைகிற புரோகிராம் அதில் இருந்தது. பெங்களூரிலிருந்து ஓர் இன்ஜினியர் சனிக்கிழமைதோறும் வந்தார். அவர் சொன்னார்: "படம் இது போட்டுரும். ஆனா இதுக்கு ஒரு சாமானும் தெரியாது. உங்க ஸ்டோர்ல இருக்கறது ஒவ்வொண்ணையும் இதுக்குச் சொல்லிக் குடுக்கணும். நம்பர், வோல்ட், ஆம்பியர், நீளம், அகலம், ஓட்டைக்கு ஓட்டை எத்தனை தூரம், எல்லாம்."

முதலாளி என்னைக் கை காட்டினார். "இதை இவன்தான் பண்ணணும். ஸ்க்ரூ வரைக்கும் இவனுக்குத் தெரியும்."

ஸ்டோர் ஜன்னலுக்குப் புதிதாக ஓர் ஆளைப் போட்டார்கள். என்னைக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். தூசி ஆகாது என்று செருப்பை வெளியே விட வேண்டும். மற்றவர்கள் உள்ளே வரக் கூடாது. காலையில் சிலுவை வரைந்துகொண்டு, ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டுத்தான் ஸ்விட்ச் போடுவேன். ஒரு சாமானை எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, தாளில் எழுதி, பிறகு ஒற்றை விரலால் தட்டி ஏற்ற வேண்டும். ஒரு சாமானுக்கு ஒரு வரி. ஒரு நாளைக்கு இருபது வரி ஆனால் நல்ல நாள்.

முதல் வாரம் எல்லோரும் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். "நம்ம அண்ணன் தொறவறம் போயிட்டாருப்பா" என்றார் இண்டூர்க்காரர். பிறகு யாரும் வந்து பார்ப்பதில்லை. வேலையின் நடுவில் எழுந்தால் விட்ட இடம் மறந்துவிடும் என்று மத்தியானச் சாப்பாட்டையும் தள்ளிப்போட ஆரம்பித்தேன். நான் வெளியே வரும்போது அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். சோற்றைத் தனியாகத்தான் சாப்பிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைவது தெரியும், பேச்சு கேட்காது. எட்டு மாதம் அப்படிப் போனது.

அட்டைகளைப் பார்த்துத்தான் ஏற்றினேன். காண்டாக்டருக்கு ஓர் அட்டை, அதனால் ஒரு வரி. காயில் வோல்ட் என்ற இடத்தில், கையில் எடுத்தது பொட்டு இல்லாததாக இருந்ததால் 220 என்று போட்டேன். இரண்டு தினுசு உண்டு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பொட்டு என் கண்ணில் இருந்தது, அட்டையில் இல்லை. இது கைப்பழக்கத்தில் வந்த தப்பு. இதைப் பாவம் என்று சொல்ல மாட்டேன். பாவம் பின்னால் வருகிறது.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலை ஒன்றுக்கு அவசரமாகப் பேனல் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் படம் போட்டுச் சாமான் லிஸ்ட் அடித்துக் கொடுத்த முதல் பேனல் அதுதான். 220 கிடைக்க வேண்டுமென்றால் நியூட்ரல் ஒயர் வேண்டும், அந்த ஆலையில் அது கிடையாது. 415 காயில்தான் போட வேண்டும். லிஸ்ட்டில் காண்டாக்டரின் சாமான் நம்பரும் ஆறு என்ற எண்ணிக்கையும் மட்டும் இருந்தன. ஜன்னலில் இருந்த புது ஆள் நான் அடித்துக் கொடுத்திருந்த பட்டியலில் அந்த நம்பருக்கு 220 என்று இருந்ததைப் பார்த்துப் பொட்டில்லாத ஆறை எடுத்துக் கொடுத்தார்.

இண்டூர்க்காரர் அதில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக் கதவைத் தட்டினார்.

"அண்ணா, இதுக்குப் பொட்டு வச்சதுதானே வரணும்? பொட்டில்லாததா குடுத்துட்டாங்க."

நான் பாதி வரியில் இருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லிஸ்ட்டுல என்ன இருக்குதோ அதை மாட்டுப்பா. இனிமே பொட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"நெசமாத்தானுங்களா?"

"கம்ப்யூட்டர் பொட்டி சொல்லுது. மாட்டு."

"தொறவி சொன்னா தட்ட முடியுங்களா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சாதாரணமாகப் பேனலுக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவோம். அன்றைக்குக் கரண்ட் இல்லை. லாரி வாசலில் நின்றது. அப்படியே ஏற்றிவிட்டார்கள். மறுநாள் ஆலையில் ஸ்விட்ச் போட்டுக் கால் மணி நேரத்தில் ஆறு காயிலும் புகைந்து போயின. வேறு காயில் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. அதற்குள் பழம் குவியல் குவியலாக அழுகிவிட்டது.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"பதினஞ்சு வருசமா மாட்டறவனுக்குப் பொட்டு பாக்கத் தெரியாதா?"

"கேட்டனுங்க. ஸ்டோர் அண்ணனைக் கேட்டுட்டுத்தான் மாட்டுனேன்" என்றார் அவர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "கேட்டானா?"

பட்டியல் தப்பு என்று தெரிந்தால் எட்டு மாதமும் வீண் என்பார்கள் என்று பயந்தேன். அது மட்டுமில்லை. அந்த அறைக்குள் போன பிறகு முதலாளி என்னை உட்கார வைத்துப் பேச ஆரம்பித்திருந்தார். அதை விட மனசு வரவில்லை.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

இண்டூர்க்காரர் என்னைப் பார்த்தார். பட்டறை டெஸ்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வரியை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றில் 220, இன்னொன்றில் 415. அட்டையாக இருந்தால் அடித்துத் திருத்திய கோடாவது நின்றிருக்கும். இதில் ஒன்றும் நிற்கவில்லை. ஆதியிலிருந்தே இரண்டு வரி இருந்தாற்போல் சுத்தமாக இருந்தது.

பிட்டர்கள் என்னிடம் சண்டை போடவில்லை. டீ வரும் நேரத்தில் நான் போய் நின்றால் பேச்சை மாற்றுவார்கள், அவ்வளவுதான். வீட்டில் மனைவி கேட்டாள்: "ஏங்க, பட்டறையில ஏதாச்சும் ஆயிடுச்சா? பிள்ளைங்ககிட்டகூடப் பேச மாட்டேங்கறீங்க." ஒன்றுமில்லை என்றேன். விளக்கேற்றிக் குடும்பமாகச் செபம் சொல்லும்போது, மன்னிப்புக் கேட்கிற இடம் வந்தால் என் குரல் இறங்கிவிடும். பிள்ளைகள் குரல்தான் கேட்கும். ஒரே பாயில் ஐந்து பேர் முழங்காலில் இருப்போம். நான் மட்டும் வேறெங்கோ இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியார் பொறுமையாகக் கேட்டார். "ஆண்டவர் மன்னிச்சுட்டார். ஆனா நீ எடுத்தது அவரோட பேரு. அதைத் திருப்பிக் குடுக்கணும். செபமாலை சொல்லி அது தீராது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இண்டூருக்குப் பஸ் ஏறினேன். அவர் கிணற்றடி மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் போட்டு, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ஸ்டோர் அண்ணா. ஞாபகம் வந்துடுச்சிங்களா?"

"வந்துடுச்சுப்பா."

"எப்ப வந்துச்சு?"

"மறக்கவே இல்ல."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப் போவுது? எனக்குத் தெரிஞ்சதுதானே. ஓசூர்ல ரெண்டு எடத்துல வேலை கேட்டுப் போனேன். ஆறு காயில் எரிச்ச ஆளு நீதானான்னு கேக்கறாங்க. எனக்கு வேலைகூட வேண்டாமுங்க. டீ வர்ற நேரத்துல, எல்லாரும் நிக்கறப்ப ஒரு தடவை சொல்லுங்க. அது போதும்."

"சொல்றேன்" என்றேன்.

அவர் மனைவி மோர் கொண்டு வந்து கொடுத்தார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாதுபோல. "இருந்து சாப்ட்டுட்டுப் போங்க, வூட்டுல களி ஆயிடுச்சு" என்றார். நான் இருக்கவில்லை.

மறுநாள் முதலில் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "சொன்னது இங்கியே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா நம்ம லிஸ்ட்டை எவனும் நம்ப மாட்டான். அவனை வேணும்னா வரச் சொல்லு. பேசாம வந்து வேலை பாக்கட்டும்."

திரும்பவும் இண்டூருக்குப் போனேன்.

"டீ நேரத்துல சொன்னீங்களா?"

"மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன். உன்ன வரச் சொல்றாரு."

"டீ நேரத்துல சொன்னீங்களான்னு கேட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப நான் வரலீங்க" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அந்தப் பட்டறையில் இருந்தேன். தினமும் நாலு மணிக்கு டீ வரும். பதிமூன்று பேரும் நிற்பார்கள். சொல்ல வாய் வரும். டம்ளரை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குத் திரும்பிவிடுவேன். அவர் கடைசி வரை எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. ஊரில் கிணற்று மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் அவர் தவறிவிட்டதாகச் செய்தி வந்தது. போனேன். பழைய பிட்டர்கள் மூன்று பேர் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். "தங்கமான கை. ஒரே ஒரு தடவை பொட்டைப் பாக்காம மாட்டிட்டாரு, அதோட போச்சு" என்றார் ஒருவர். அப்போதுதான் என் வாய் திறந்தது. முழுவதையும் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். "கம்ப்யூட்டர் பண்ண தப்புக்கு நீங்க என்னண்ணா பண்ணுவீங்க" என்றார் ஒருவர். "ரெண்டு பேரு மேலயும் இருக்குது, விடுங்க" என்றார் இன்னொருவர். என் மேல் உள்ள இரக்கத்தில், நான் நிற்கும்போதே அவர் பெயரில் மறுபடியும் பாதியைக் குறைத்துவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது, எழுதாமல் இது நிற்காது என்று தெரிந்துவிட்டது.

யார் பெயரையும் போடவில்லை. அந்தப் பட்டறையில் இருந்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இதை யாரிடமாவது சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவர் கேட்டார். நான் பார்க்காமல் பதில் சொன்னேன். கேட்கவில்லை என்று நினைக்கும்படி பொய்யும் சொன்னேன். வயதான மனுஷன், பாவம் என்று என் பக்கம் ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். அவர் பக்கம் ஒன்றும் குறைக்க வேண்டாம். முடிந்தால் இண்டூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் அவர் வீட்டிலும் இதைப் படித்துக் காட்டுங்கள்.