பின்பெஞ்சைக் கேட்கும் மெக்கானிக்

“நீ போய் டீ குடிச்சிட்டு வா மாப்ளே. வெரசா வரவேண்டாம், மெதுவா வா.”

ஜீப்பை ஓட்டி வந்தவனை இப்படி அனுப்பிவைத்த பிறகுதான் யோகராஜ் வேலையைத் தொடங்குவார். பானெட்டைத் திறக்க மாட்டார். ஸ்பேனரைத் தொட மாட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் போய், மேல்கம்பியைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்ப்பார். எதிரெதிர்ப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பெண்களிடம், பந்தி விசாரிக்கிற கல்யாண வீட்டுக்காரரைப் போல ஒவ்வொருவராகக் கேட்பார்.

“உங்களுக்கு எங்கே இடிக்குது? உங்களுக்கு?”

போடியிலிருந்து முந்தல் போகும் சாலையில், மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது அவருடைய தகரக் கொட்டகை. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் காலையில் மேலே போகும்போதும் மாலையில் இறங்கும்போதும் அதைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அந்த வண்டிகளில் பாதிக்கு, ஓட்டுகிறவனைவிட வயது அதிகம். பாடி ஒரு வண்டியுடையது, இன்ஜின் இன்னொன்றுடையது, கியர்பெட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

“டிரைவர் பேச்சு எப்பவும் ஜாமீன் கேக்குற மாதிரிதேன் இருக்கும்” என்பார் யோகராஜ். “‘நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுண்ணே’ம்பான். அப்ப ஒரே ராத்திரியில எலி வந்தா கடிச்சிட்டுப் போச்சு? பின்னாடி உக்கார்ந்திருக்கவங்க அப்படி இல்லை. இடுப்பு வலி பொய் சொல்லாதுல்ல.”

வலது பக்கம் திரும்பும்போது மட்டும் தூக்குவாளி மடியில் வந்து விழுகிறது என்று ஒரு பெண் சொன்னால், குனிந்து பார்க்காமலே இடது பின்சக்கரத்து வில்பட்டை விரிந்துவிட்டது என்பார். இறக்கத்தில் உளுந்து வறுக்கிற சத்தம் கேட்டால் அடியில் சுழலும் தண்டின் கிராஸ் மூட்டு தேய்ந்திருக்கிறது. காலடித் தகரம் சுட்டால் புகைக்குழாயில் ஓட்டை. பிரேக் பிடித்த பிறகு கருவாடு கருகின வாடை வந்தால், பிடித்த பிரேக் விடவில்லை. ஒருமுறை முன்சீட்டில் இருந்த பெண், “மூணு மாசமா இந்த ரெண்டாவது கியரை நாந்தேன் கையில பிடிச்சிட்டு வர்றேன், விட்டா துள்ளி வெளியே வந்துருது. லைசென்ஸ் எனக்கு எடுக்கணுமா, அவருக்கு எடுக்கணுமாண்ணே?” என்று கேட்டிருக்கிறாள். டீ குடித்துவிட்டுத் திரும்பிய ஓட்டுநர், தன் கியர்பெட்டி இறங்கிக் கீழே கிடப்பதைத்தான் பார்த்தான்.

இந்த விசாரணைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் தாமாகச் சொல்ல மாட்டார். கொட்டகைக்கு வருகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். மலை ஜீப்புகளுக்கு இருபத்திரண்டு வருடமாக வைத்தியம் பார்க்கும் யோகராஜுக்கு மலைப்பாதை ஆகாது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வயிறு புரளத் தொடங்கும். ஐந்தாவதில் முகம் வெளுக்கும். அதற்கு மேல் நடப்பதை ஓட்டுநர்கள் நடித்தே காட்டுவார்கள். அதனால் மேலே வண்டி என்ன செய்கிறது என்பதை அங்கே போய்வருகிறவர்களின் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பிரபாகரனின் ஜீப்புதான் அவரை மலை ஏற வைத்தது.

பிரபாகரனுக்கு முப்பது வயது. ஒரே ஜீப்பு, ஒரே கோஷ்டி. போடிமெட்டுக்கு அப்பால் உள்ள தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பன்னிரண்டு பெண்கள். மூன்று வாரமாக அந்த ஜீப்பு பதினோராவது வளைவுக்கு வந்ததும் இருமி, குலுங்கி, நின்றது. ஒருநாள் போல ஒருநாள், அதே இடத்தில். கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல மேலே ஏறிப் போனது. டீசல் ஃபில்டர் மாற்றியாகிவிட்டது. பம்ப்பைக் கழற்றிப் பார்த்தாகிவிட்டது. குழாய்களை ஊதியாகிவிட்டது. கேரளப் பக்கத்து டீசலும் இந்தப் பக்கத்து டீசலும் ஒன்றோடொன்று சேராது என்று யாரோ சொல்ல, டேங்கையும் கழுவியாகிவிட்டது. கொட்டகையில் நிற்கும்போதோ, மறுவீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை போல அவ்வளவு அடக்கம். யோகராஜ் அதைப் போடி வரை ஓட்டிப் பார்த்தார், திரும்ப ஓட்டி வந்தார். ஒரு இருமல் இல்லை.

எட்டு மணிக்கு மேல் வந்தால் தோட்டத்தில் கேட்டைத் திறக்க மாட்டார்கள். அந்த வாரம் இரண்டு நாள் வண்டி திரும்பக் கிளம்பவே நேரமாகி, பன்னிரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். கோஷ்டியின் தலைவி சுருளியம்மாள் புதன்கிழமை மாலை கொட்டகை வாசலிலேயே தீர்ப்பைச் சொன்னார்.

“நாளைக்கும் நின்னுச்சுன்னா வெள்ளிக்கிழமை வேற ஜீப்புல ஏறிருவோம். மாப்ளே நல்ல பையன்தேன். அதுக்காகப் பன்னெண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்னு வேடிக்கை பார்க்க முடியாது, கேட்டோ.”

முப்பது வருடம் மேலே கேரளப் பக்கத்தில் வேலை பார்த்ததில் அவர் பேச்சின் நுனியில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது. கோஷ்டி போனால் பிரபாகரன் ஜீப்பை வீட்டு வாசலில் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு, கொட்டகை முன்னால் நின்ற ஜீப்பில் யோகராஜ் ஏறினார். இடது பெஞ்சில், ஏற்கெனவே ஆறு பேர் இருந்த இடத்தில் ஏழாவதாக.

“ஏய், மெக்கானிக்கு மலைக்கு வர்றாருடி! மழை வரப்போகுது” என்றாள் முத்துப்பிரியா. கோஷ்டியிலேயே இளையவள், முந்தின வருடம்தான் கல்யாணமாகி வந்தவள். “அண்ணே, ஓரத்துல உக்காருங்க. எங்க மேல எடுத்துறாதீங்க.”

“சேலை நேத்துத்தேன் துவைச்சது” என்றது இன்னொரு குரல்.

சுருளியம்மாள் எதிர்ப்பெஞ்சின் கடைசியில், வழக்கமான தம் மூலையில் இருந்தார். மடியிலிருந்து இரண்டு ஏலக்காயை எடுத்து நீட்டினார். “வாயில அடக்கிக்க தம்பி. மென்னுறாத. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு உறிஞ்சு.”

மூன்றாவது வளைவில் யோகராஜ் பேச்சை நிறுத்தினார். ஐந்தாவதில் கண்ணை மூடினார். ஏழாவதில், கண்ணைத் திறக்காமலே, “கிளட்சு லேசா வழுக்குது” என்றார். உயிர் இருக்கிறது என்று பெண்கள் சிரித்தார்கள். எட்டாவதில் மூடுபனி ஜீப்புக்குள் வந்து உட்கார்ந்தது. பத்தாவதைத் தாண்டியதும் சிரிப்பும் அடங்கிவிட்டது. எல்லோரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்கத் தொடங்கினார்கள்.

பதினோராவது வளைவில் ஜீப்பு இருமியது. குலுங்கியது. நின்றது.

பிரபாகரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். சக்கரத்துக்குக் கல் வைக்க இரண்டு பெண்கள் குதித்து இறங்கினார்கள். யோகராஜ் இறங்கி, சாலையோரத்துக்குப் போய், வந்த வேலையில் ஒன்றை முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். நேரம் ஏழு ஐந்து.

“நின்ன உடனே தினமும் முதல்ல என்ன செய்வான்?” என்று கேட்டார். பிரபாகரனைப் பார்த்து அல்ல.

“குச்சியை விட்டு டீசல் இருக்கான்னு பார்ப்பாரு” என்றாள் முத்துப்பிரியா. “அப்புறம் முன்னாடி போய் இன்ஜினுக்கு டீசல் ஏத்துற கைப்பம்பு அடிப்பாரு. ஸ்டார்ட் ஆயிரும்.”

“இன்னைக்குக் குச்சி வேண்டாம். பம்ப்பு மட்டும் அடி மாப்ளே.”

பிரபாகரன் பானெட்டைத் திறந்து அடித்தான். இருபது தடவை, ஐம்பது தடவை. “கைக்கு வரமாட்டேங்குதுண்ணே, யாரோ அந்தப் பக்கம் இருந்து இழுக்கிற மாதிரி இருக்கு” என்று கத்தினான். இன்ஜின் முனகியது, பிடிக்கவில்லை. நேரம் ஏழு பத்து. சுருளியம்மாள் தூரத்துச் சாலையைப் பார்த்தார். பின்னால் வரும் ஜீப்புகள் எதிலாவது இடம் இருக்குமா என்கிற பார்வை.

யோகராஜ் பெஞ்சுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொட்டகையில் கேட்பது போலவே கேட்டார். “இடி ஏதும் இருக்கா?” இல்லை. “சத்தம்?” இல்லை. “வாடை?”

“வாடையா? முன்னாடி இருந்துச்சு” என்றார் சுருளியம்மாள். “இந்த மூலையில உக்கார்ந்தா டீசல் வாடை குடலைப் பிடுங்கும். சோத்துல கூட அடிக்கும். இப்ப ஒரு சொட்டு வாடை கிடையாது.”

யோகராஜ் தலையைத் தூக்கினார். இவ்வளவு பழைய ஜீப்பில், டேங்க் வாய்க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறவருக்கு டீசல் வாடை இல்லை.

“எப்ப இருந்து இல்லை?”

“நான் கட்டினதுல இருந்து.”

“என்னத்தைக் கட்டினீங்க?”

யோகராஜ் வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். டேங்க் மூடிக்கு மேல், கெட்டியான பாலித்தீன் தாள் இரண்டு மடிப்பாகப் போர்த்தி, சைக்கிள் டியூப் வாரால் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. ஏலக்காய் மூட்டைக்குள் போடுகிற அதே பாலித்தீன். பச்சை நிறம் போகாமலிருக்க, காற்று ஒரு இழை கூடப் புகாமல் கட்டுகிற அதே கட்டு. மூடியின் மேல் அது பல் போன கன்னம் போல உள்ளே ஒடுங்கிக் கிடந்தது. முடிச்சை அவிழ்த்து மூடியைத் திருகினார். டேங்க் உஸ்ஸென்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. அந்தச் சத்தம் முன்னால் நின்ற பிரபாகரனுக்கே கேட்டது.

“அக்கா, காய்க்கு மூச்சு கூடாது. டீசலுக்கு மூச்சு வேணும்” என்றார் யோகராஜ். “இந்த மூடியில ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கு, பாருங்க. டீசல் குறையக் குறைய அது வழியா காத்து உள்ள போகணும். நீங்க அடைச்சிட்டீங்க. பாவம், பதினோரு வளைவு வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கு.”

தினமும் காலையில் புறப்படும் முன் சுருளியம்மாள் கட்டுவார். நின்றதும் பிரபாகரன் குச்சி விடுவதற்காக அவரே அவிழ்த்துவிடுவார். டேங்க் மூச்சு வாங்கிக்கொண்டதும் திரும்பக் கட்டிவிடுவார்; மீதி வளைவுகளுக்கு அந்த மூச்சே போதும். பிரபாகரனோ, அது வாடைக்குத்தானே என்று கட்டைக் கண்டுகொள்ளாமல், எல்லாம் தன் பம்ப்பின் மகிமை என்று நினைத்துக்கொள்வான். மாலையில் கொட்டகைக்கு வரும் வழியில் பாலித்தீனைக் கழற்றி டீசல் போட்டுவிட்டு மூடியை மட்டும் திருகிவிட்டு வருவான். யோகராஜ் பாலித்தீனைப் பார்த்ததே இல்லை.

பிரபாகரன் கையில் கரியோடு வந்து நின்றான். பாலித்தீனைப் பார்த்தான். சுருளியம்மாளைப் பார்த்தான். மூன்று வாரம், ஒரு ஃபில்டர், கழுவிய டேங்க் எல்லாம் அவன் முகத்தில் வரிசையாக வந்து போயின.

“நாந்தேன் கட்டினேன்” என்றார் சுருளியம்மாள், நிமிர்ந்து. “திட்டுறதுன்னா திட்டு.”

பிரபாகரன் வாயைத் திறந்தான். அவன் சொல்லப்போகிற ஒரு சொல்லில் பன்னிரண்டு பேரும் இறங்கிப் போய்விடுவார்கள் என்பது யோகராஜுக்குத் தெரிந்தது.

“இரு மாப்ளே. மூடியில ரப்பர் வாசர் போயி எத்தனை நாளாச்சு?”

பிரபாகரன் கையிலிருந்த கரியைத் துடைக்கத் தொடங்கினான்.

“ஒரு மாசமா டீசல் தெறிக்குது, வாடை அடிக்குதுன்னு சொன்னோம்ணே” என்றாள் முத்துப்பிரியா. “நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம்னாரு.”

“நீ நாளைக்குன்ன. இவங்க அன்னைக்கே பார்த்துட்டாங்க” என்றார் யோகராஜ். “கட்டுல ஒரு குறையும் இல்லை. நான் கூட இப்படிக் கட்ட மாட்டேன். போய் ஸ்டார்ட் பண்ணு, மணி ஏழு இருபது.”

பிரபாகரன் தலையைச் சொறிந்தான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. “அத்தை, மேல போய் உங்களைத் திட்டிக்கிறேன். இப்ப ஏறுங்க.”

“மேல போனா எனக்குச் சோலி இருக்கு. உன் திட்டைக் கேக்க நேரமில்லை” என்று சுருளியம்மாள் ஏறினார்.

ஜீப்பு முதல் சாவியிலேயே பிடித்தது. பன்னிரண்டு, பதின்மூன்று என்று பெண்கள் வளைவுகளைச் சத்தமாக எண்ணினார்கள். கடைசி வளைவான பதினேழுக்குக் கைதட்டினார்கள். யோகராஜ் கைதட்டும் நிலையில் இல்லை. பாலித்தீனை அவிழ்த்துவிட்ட டேங்க் மூடியோரம் டீசல் தெறித்து, சுருளியம்மாளின் சேலை ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குக் கறையானது. அவர் அதைப் பார்த்தார். யோகராஜையும் பார்த்தார்.

ஏழு ஐம்பதுக்குக் கேட் திறந்தது. பத்துப் பேர் உள்ளே போய்விட்டார்கள். சுருளியம்மாள் போகவில்லை, முத்துப்பிரியா அவருக்காக நின்றாள்.

“நின்னது சரியாப் போச்சு. வாடை?” என்று சேலை ஓரத்தைக் காட்டினார். “நாளைக்கு இதுலதேன் வரணும்னா அதுக்கும் ஒரு வழி சொல்லு தம்பி.”

யோகராஜ் முத்துப்பிரியாவின் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கினார். பாலித்தீனில், மூடித் துளைக்கு நேராக மூன்று குத்து. திரும்பவும் மூடிமேல் போர்த்தி டியூப் வாரைச் சுற்றினார். வார் நழுவியது. மறுபடியும் சுற்றினார். மறுபடியும் நழுவியது.

“வண்டிக்குத்தேன் நீ மெக்கானிக்கு. கொண்டா இங்கே.”

சுருளியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். வாரின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை இரண்டு சுற்று சுற்றி இழுத்தார். கடித்த வாயோடே பிரபாகரனிடம், “மாப்ளே, நாளைக்கு ஆறு மணிக்கு வந்துரு. நீ புது வாசர் மாட்டுற வரைக்கும் இதைக் கட்டுறதும் நாந்தேன், அவிழ்க்கிறதும் நாந்தேன்” என்றார்.

முதல் முடிச்சைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதற்குக் கை போதவில்லை. விட்டால் தளர்ந்துவிடும். நிமிர்ந்து பார்த்தார். முகம் இன்னும் தெளியாத யோகராஜ், ஒரு கையால் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கிரீஸ் படிந்த ஆள்காட்டி விரலை முடிச்சின் மேல் அழுத்திக் கொடுத்தார்.